கழுவி அனுப்பிய மெசேஜ்

கப்பல் பட்டறையில் கொடுத்த சட்டையில் இரண்டு பை இருந்ததால், அந்த மனுஷன் நாட்டுக்கு ஒரு பை என்று பிரித்து வைத்திருந்தார். இடது பையில் மலேசியா ஹேண்ட்போன், வலது பையில் சிங்கப்பூர் ஹேண்ட்போன். ஜொகூரில், தெப்ரா பக்கத்து எங்கள் தாமான் குடியிருப்பில் அவரைவிட நல்லவர் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். ஒருத்தரை எல்லாரும் சேர்ந்து நல்லவர் என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அவர் விஷயத்தில் எப்படியோ வராமல் போய்விட்டது.

இப்போது அவர் இல்லை. போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள். இருந்தபோது நான் திட்டியது போதவில்லை, இன்னும் மிச்சம் இருக்கிறது. என்ன செய்ய?

ஆனால் வரிசைப்படி திட்டுவது என்றால் முதலில் போன் கம்பெனிக்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஜொகூர் கடலோரத்தில் நின்றால் எதிர்ப்பக்கத்து அடுக்குமாடியில் என்ன கலர் சேலை காய்கிறது என்று சொல்லிவிடலாம். அவ்வளவு பக்கம். வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம் அது. ஆனால் இங்கிருந்து அங்கே "சாப்பிட்டியா" என்று கேட்டால் அது வெளிநாடாம். மத்தியானம் கேட்ட சாப்பாடு மறுநாள் காலை பசியாறும் நேரத்துக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் நீளமாக அனுப்பினால் வால் முதலில் போகும், தலை பிறகு போகும், நடு உடம்பு போகவே போகாது. சில நாள் வெறும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். கடையில் கேட்டால் "அது அந்தப் பக்கத்துக் கோளாறு ஆண்ட்டி" என்பான். அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கத்துக் கோளாறு. காசைப் பிடிக்கிறபோது மட்டும் இரண்டு பக்கமும் ஒரு கோளாறும் இல்லாமல் பிடித்தார்கள்.

அதனால் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு வழி செய்துகொண்டோம். அவர் தினமும் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அந்தப் பக்கம் போனதும் வலது பைப் போன் உள்ளூர்ப் போன் ஆகிவிடும். உள்ளூருக்குள் மெசேஜ் தண்ணீர் மாதிரி ஓடும். ஆகவே, சாயங்காலம் அவர் வீட்டுக் கேட்டில் போய் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம். மறுநாள் காலை பட்டறை வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்புவார். பதில் எல்லாம் பகலில் அந்தப் பையிலேயே வந்து விழும். சாயங்காலம் மோட்டார் எங்கள் வரிசைக்குள் நுழையும்போது ஆளுக்கொரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாக நின்று படித்துச் சொல்வார். மெசேஜ் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, இமிகிரேஷன் வரிசையில் நின்று பாஸ்போட் காட்டிப் போய்வந்தது எங்கள் தாமானில் மட்டும்தான் இருக்கும்.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும் விட்டார்கள். ஆனால் அந்தப் போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அல்லவா எழுதுகிறார்கள்? எனக்கு அது சீனப் பத்திரிகைதான். அவர் வாயில் வருவதுதான் எனக்கு மெசேஜ்.

அந்த வாயில் கடுஞ்சொல் வராது. மூக்கு வரை வந்து திரும்பிப் போகிற தும்மல் மாதிரி உள்ளேயே போய்விடும். ஒரு தடவை முடி வெட்டுகிறவன் ஒரு பக்கம் காது தெரிய வெட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்துவிட்டான். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்து, அது வளரும்வரை வீட்டுக்குள்ளும் தொப்பியோடு திரிந்தார். சீனி வியாதிக்காரர். தெருவோர ஒட்டுக்கடையில் சீனி இல்லாத தேத்தண்ணீர் கேட்பார். கடைக்காரன் மறந்து சீனியைக் கொட்டிக் கொண்டுவந்து வைப்பான். அடிவரைக்கும் குடித்துவிட்டு எழுந்து வருவார்.

"சீனி போட்டுட்டீங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?" என்று அவர் பெண்டாட்டி கேட்பாள்.

"பாவம்லா, அவன் வேலையா இருந்தான்."

"அவன் பாவம். உங்க காலு பாவமில்ல."

அந்தப் பெண் அவருக்கு நேர்மாறு. பேச்சில் உப்பும் போடமாட்டாள், சீனியும் போடமாட்டாள். "அத்த செத்துட்டாங்க, அடுப்பு கேஸ் தீந்துபோச்சு" என்று இரண்டையும் ஒரே குரலில் சொல்வாள்.

கோடி வீட்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனோடு ஏதோ சண்டை. ஒருநாள் வரிசைக்கே கேட்கிற மாதிரி நம் நல்லவர் வீட்டுக் கேட்டில் நின்று கத்தினார். "அண்ணன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தான்னா லாரிய மேல ஏத்திடுவேன்னு அனுப்புங்கண்ணே!" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் ஒரு பெட்டி ஆப்பிளோடு, பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார். லாரிக்காரர் விழித்துக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனார்கள்.

"சிங்கப்பூர்க்காரங்களுக்கு ரோஷமே இல்ல போலருக்கே தம்பி" என்று இவரிடம் சொன்னேன். மோட்டாரைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

என் ஒரே மகளை அந்தப் பக்கத்து மாப்பிள்ளைக்குத்தான் கட்டிக் கொடுத்தேன். அவள் அப்பா முன்பே போய்விட்டார். மாப்பிள்ளை அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான், வெளிநாட்டுக்குப் போகாத கார்டு போட்டு. பெற்ற தாய் வெளிநாடு! வீட்டுப் போனில் பேசினால் மாமியார்காரி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அதனால் மகள் எனக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் இவருடைய வலது பைக்குத்தான் அனுப்பினாள்.

"பாப்பா சௌக்கியமா இருக்காம்க்கா. மாமியார் நல்லா சமைக்கிறாங்களாம். உங்கள கவலப்படாம இருக்கச் சொல்லுது."

"என் மகளா சொல்றா? சாப்பாட்டுல ஒரு குத்தம் கண்டுபிடிக்காம அவளுக்குப் பொழுது போவாதே!"

"கல்யாணமானா மாறிடுவாங்கக்கா."

தீபாவளிக்கு வந்தாள். மாப்பிள்ளையும் மாமியாரும் கூடவே வந்தார்கள். மகள் கையில் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. குசினிக்குள் தனியாகக் கூப்பிட்டால் மாமியாரும் எழுந்து தண்ணீர் குடிக்க வந்துவிடுவாள். அன்றைக்கு அந்தக் கிழவி குடித்த தண்ணீருக்கு ஒரு குளம் வெட்டலாம். அவர்கள் போனதும் நேராக இவர் கேட்டுக்குப் போனேன்.

"தம்பி, இத அனுப்புங்க. ஏன்டி இப்படி வத்திப் போயிருக்க, உன் மாமியா உன்ன ஊறுகா போடக் காய வைக்கிறாளான்னு கேளுங்க."

"இத அப்படியேவாக்கா?"

"அப்படியேதான்."

"சரிக்கா."

மறுநாள் பதில் வந்தது. வேலை கொஞ்சம் அதிகமாம், மற்றபடி நன்றாக இருக்கிறாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தடுத்து அனுப்பினேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் காரம். எனக்குக் காரமாகத்தான் பேச வரும். பதில் எல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி வந்தது. நேரில் வரட்டுமா என்று கேட்டதற்கு, "இப்ப வேணாமாம்க்கா, அப்பறமா சொல்றேன்னு சொல்லுது" என்றார். முகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் ஏதோ இரும்புத்துண்டு அவர் காலில் குத்திவிட்டது. சீனி வியாதிக்காரர் கால், ஆறவில்லை. படுத்துவிட்டார். ஆனால் தபால் நிற்கவில்லை. அடுத்த தாமானில் இருந்த அவருடைய பட்டறைக் கூட்டாளி தினமும் அந்தச் சிங்கப்பூர்ப் போனைக் கொண்டுபோய், இவர் தட்டி வைத்திருந்ததை அனுப்பி, பதிலோடு கொண்டுவந்தார். கால் கட்டிலில் கிடந்தது, போன் மட்டும் வேலைக்குப் போய்வந்தது. சாயங்காலம் போன் வந்ததும் இவர் தன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டுப் படித்துச் சொல்வார்.

ஒருநாள் மாத்திரை போட்ட மயக்கத்தில் தூங்கிவிட்டார். கேட்டில் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றோம். எழுப்ப மனமில்லாமல் பெண்டாட்டியே போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மூணாம் வீடு. ஞாயித்துக்கெழம வரலையாம், புள்ளைக்குக் காய்ச்சல்." லைட் பில் படிக்கிற அதே குரல். "அடுத்தது உங்களுக்குக்கா. 'அம்மா, மாமியார் என் பாஸ்போட்ட எடுத்து வச்சிக்கிட்டாங்க. நேத்தும் அவரு அடிச்சாரு. எத்தன தடவதான் கேக்குறது, வந்து கூட்டிட்டுப் போ. இப்பவும் வரலன்னா இனிமே எழுத மாட்டேன்.' அவ்வளவுதான். அடுத்தது கோடி வீடு."

"நில்லு" என்றேன். "மறுபடி படி."

மறுபடி படித்தாள். பாதியில் அவள் குரலே நின்றுவிட்டது. போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நேத்தும்னு இருக்கே. இதுக்கு முன்னாடி இவரு உங்ககிட்ட என்னன்னு படிச்சாரு?"

நான் செருப்போடு அவர் அறைக்குள் போனேன். சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவருக்கு.

"என் மகள அடிக்கிறாங்க. தெரியுமா உனக்கு?"

போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"சொல்லு."

"தெரியும்க்கா. புதுசா கல்யாணமானவங்க, கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு... நீங்க வேற கோவக்காரங்க. ரெண்டு பக்கமும் நெருப்ப வச்சா குடும்பம் என்னாவும்க்கா?"

"நான் சொல்லிவிட்டதெல்லாம் அவளுக்கு என்னன்னு போச்சு?"

"அம்மா பொறுமையா இருக்கச் சொல்றாங்கன்னு... அப்படித்தான்..."

பெண்டாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்ன திட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. வரிசையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்தவனைக்கூட எனக்குப் புரிகிறது. அவன் கெட்டவன், கெட்டவன் வேலையைச் செய்தான். கம்பெனிக்காரன் மெசேஜைத் தொலைத்தான், வாலை முன்னால் அனுப்பினான். ஆனால் அவன்கூட என் பெயரில் அவனாக ஒன்றை எழுதி அனுப்பவில்லை. இந்த நல்லவர் என் வாயைக் கழற்றி எடுத்து, அதில் தன் பேச்சை வைத்து, என் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். பயந்து போய் ஆத்தாளைக் கூப்பிட்ட பிள்ளைக்கு, ஆத்தாள் சொன்ன மாதிரியே, கிடந்து சாவு என்று பதில் போயிருக்கிறது. அதுவும் எவ்வளவு மரியாதையாக!

லாரிக்காரர் சொன்னார், "பாவம்க்கா, நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்காரு. எங்க அண்ணன் வந்தது அவராலதான?" உங்களுக்கு ஆப்பிள் பெட்டி, என் மகளுக்கு அடி, எது பெருசு என்று கேட்டேன். போய்விட்டார்.

மறுநாள் காலை அந்த நல்லவர் பெண்டாட்டியும் நானும் பஸ் பிடித்துப் பாலம் தாண்டினோம். நான் கூப்பிடவில்லை. சேலை மாற்றிக்கொண்டு அவளே வந்து நின்றாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். கிழவிதான் கதவைத் திறந்தாள். பின்னால் என் மகள், கையில் துடைப்பத்தோடு. ஒரு கண்ணுக்குக் கீழே பச்சையாக இருந்தது.

"வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம..."

"சொன்னது எதுவும் வந்து சேரல. அதான் நானே வந்தேன். பாஸ்போட்ட எடுங்க."

"பத்திரமா இருக்கட்டும்னுதான் நான் வாங்கி..."

"பத்திரமாத்தான் வச்சிருப்பீங்க. எடுங்க, பத்திரமா கொண்டு போறோம்."

"என் மகன் வரட்டும், கேட்டுட்டு..."

இவர் பெண்டாட்டி அதுவரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "போலீஸுக்குப் போன் பண்ணவாக்கா?" என்று கேட்டாள். அடுப்பு கேஸ் தீந்துபோச்சு என்கிற அதே குரல். கிழவி உள்ளே போய் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

திரும்பி வரும்போது மகள் அந்தப் பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"ஆரம்பத்துலேயே எழுதினேன்" என்றாள். "எத்தன எழுதினேன். பொறுமையா இரு, பொறுமையா இருன்னே சொல்லிவிட்ட. நான் உனக்குப் பாரமாயிட்டேன்னு நெனச்சேன்."

"நான் சொல்லலடி! அந்தத் தம்பிதான் எல்லாத்தையும் மாத்தி..."

"அந்த மாமா மேல ஏம்மா பழியப் போடுற? அவரு ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டாரு."

முன் சீட்டில் அவர் பெண்டாட்டி திரும்பி, "அவரு செஞ்சதுதான் பாப்பா" என்றாள். என் மகள் அவளையும் நம்பவில்லை. நானும் அவளும் பேசி வைத்துக்கொண்டு வந்ததாக நினைத்தாள். பார்த்தீர்களா, நல்லவர் என்று பேரெடுத்தவருக்கு இருக்கிற வசதியை? திட்டுகிற வாய்க்காரியான நான் பொய்க்காரி ஆனேன்.

வீட்டுக்கு வந்தாளே தவிர வந்து சேரவில்லை. சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். காற்றாடியைப் போடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போட்டாள். தன் துணியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. என் வீட்டில் என் மகள் வாடகைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். அந்த மாப்பிள்ளை கொடுத்த அடி ஆறிவிடும். ஆத்தாள் தன்னைக் கைவிட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதை எந்த மருந்து போட்டு ஆற்றுவது?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் போய் அவர் கட்டில் முன்னால் நின்றேன்.

"எந்திரி. வந்து உன் வாயால சொல்லு."

"கால ஊன முடியலக்கா."

"தவழ்ந்து வா."

ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பெண்டாட்டியும் பிடித்து, கட்டுப் போட்ட காலோடு நொண்ட வைத்து, என் வீட்டு முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். வரிசையில் பாதிப்பேர் கேட்டில் கூடிவிட்டார்கள். மகள் அறையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பாப்பா" என்று ஆரம்பித்தார். "அம்மாவுக்கு உன் மேல எவ்வளவு பாசம்னா..."

"கழுவாத!" என்று கத்தினேன். "நான் குடுத்தத அப்படியே எடுத்து வை!"

"விடும்மா, முடியாத மனுஷர ஏன்..." என்றாள் மகள்.

"இல்ல பாப்பா. அம்மா சொல்றது உண்ம." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் மாத்துனேன்."

மகள் சுவரைவிட்டு நிமிர்ந்தாள்.

"தீவாளி முடிஞ்சு வந்துச்சே. 'உடம்பப் பாத்துக்கோ, மாமியார் சொல்றதக் கேட்டு நட'ன்னு. அன்னைக்கு அம்மா என்ன சொன்னாங்க?"

"ஏன் வத்திப் போயிருக்க, மாமியா உன்ன... ஊறுகா போடக் காய வைக்கிறாளான்னு கேட்டாங்க."

கேட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் உதடு லேசாக அசைந்தது.

"அவரு மொத மொத அடிச்சப்ப எழுதினேன். அதுக்கு, 'ஆம்பளைன்னா கோவம் வரும், நீதான் அனுசரிச்சுப் போகணும்'னு வந்துச்சு. அதுக்கு?"

அவர் கட்டுப் போட்ட காலைத் தடவினார்.

"அதுக்கு மாமா?"

"நீ எழுதினத நான் அம்மாவுக்குப் படிக்கவே இல்ல. பதில் நானாப் போட்டது."

அவர் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம், எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்ததைக் கேட்டாள்.

"'புகுந்த வீடுதான் இனி உன் வீடு.' அப்படி வந்துச்சே. அத வாசிச்ச அன்னைக்கு நான் சோறு திங்கல. அம்மா என்ன சொன்னாங்க?"

அவருக்கு எல்லாம் ஒன்றுவிடாமல் மனப்பாடமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது.

"உன் மேல யாராச்சும் கை வச்சா ஒரு வார்த்த சொல்லு. செருப்பு மாட்டக்கூட நிக்க மாட்டேன். பஸ்ஸு இல்லன்னா பாலத்த நடந்தே தாண்டி வந்து..."

"யாராச்சும் இல்ல" என்றேன் நான். "நான் சொன்னது வேற."

பெண்டாட்டியைப் பார்த்தார். அவள், "சொல்லுங்க" என்றாள்.

"எந்த... எந்த நாயாச்சும் உன் மேல கை வச்சா."

"முழுசா."

"எந்த நாயாச்சும் உன் மேல கை வச்சா ஒரு வார்த்த சொல்லுடி. செருப்பு மாட்டக்கூட நிக்க மாட்டேன். பஸ்ஸு இல்லன்னா பாலத்த நடந்தே தாண்டி வந்து உன்னத் தூக்கிட்டு வந்துருவேன்."

மகள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "மறுபடி சொல்லுங்க மாமா" என்றாள்.

சொன்னார்.

"சத்தமா."

சொன்னார். இந்த முறை 'நாய்' திணறாமல் வந்தது. மகள் அவரைப் பார்த்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டித் துழாவி, என் கையைக் கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இன்னொரு வாட்டி."